டைனமோவுக்கு வைத்த பொட்டு

"இத்தக் கொன்னதே உன் மாமனாருதான்."

கும்மிடிப்பூண்டி ரயிலில் திடுக்கிட்டுத் திரும்பினேன். ஒரு மெக்கானிக், பழைய காரின் டைனமோவை மடியில் வைத்துப் பக்கத்திலிருந்த இளைஞரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"பேரிங் தேஞ்சிட்சி. எண்ணெய் உடுற ஓட்டைல இன்னாப்பா இது?"

"சந்தனம்ணே. ஆயுத பூஜைக்கு மாமா வருசா வருசம் பொட்டு வெப்பாரு."

"ஓட்டை மேலயேவா?"

"அங்கதான் உழாம நிக்குதாம்."

"அப்புறம் எண்ணெய் எப்டி உள்ள போவும்?"

"நான் ஓட்டித்தான் கெட்டுச்சின்னு வண்டியத் தொடவே உட மாட்றாருண்ணே. நீ வந்து அவராண்ட சொல்லேன்."

"நானா? ஆள உடு."

பொன்னேரி நெருங்கும்போது மெக்கானிக் திடீரென்று எழுந்தார்.

"ஏம்ப்பா, இந்த வருசம் என் பட்டறைக்கும் அவருதான பொட்டு வெச்சாரு?"

"எல்லா மிஷினுக்கும்ணே."

வண்டி நின்றதும் மெக்கானிக் இறங்கி, பட்டறைக்குத் திரும்பும் ரயிலைப் பிடிக்க எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினார். டைனமோவை அணைத்துக்கொண்டு பின்னால் ஓடிய மருமகன் சிரித்தார்.

"இப்ப நீயே சொல்வண்ணே!"