லைசென்ஸ் யார் பேரில்

தம்பி: கொஞ்சம் நான் சொல்றத...

அக்கா: நீ சொல்லி நான் கேட்டதெல்லாம் போதும். அந்தத் துணிய எடு, கவுன்ட்டரத் துடைக்கணும்.

தம்பி: கடையே போயிடுச்சு, கவுன்ட்டர் எதுக்கு மின்னணும்?

அக்கா: கடை எங்கடா போச்சு? லைசென்ஸ்தான் போச்சு.

தம்பி: ரெண்டும் ஒண்ணுதானே. பார்ல சரக்கு இல்லாம என்ன விப்ப, சோப்பா?

அக்கா: சோப்பு வித்தா கையாவது சுத்தமா இருக்கும்.

தம்பி: விளையாடாத. கோர்ட்டு வாசல்ல நின்னுட்டு உள்ள வரேன்... அஞ்சு வருஷத்துக்கு இந்தம்மா பேர்ல மது லைசென்ஸ் இருக்கக் கூடாதுங்கறாரு ஜட்ஜ். வக்கீல் பேயறைஞ்ச மாதிரி நிக்கறாரு.

அக்கா: அவருக்கு அதிகாரம் இருக்கு, போட்டாரு.

தம்பி: இருந்தா? போட்டே ஆகணும்னு இல்லையாமே. முதல் தப்புன்னா பெரும்பாலும் அபராதத்தோட விட்டுருவாங்களாம். அப்புறம் ஏன்னு வக்கீலக் கேட்டா, 'உங்க அக்காவையே கேளுங்க'ன்னு காருல ஏறிட்டாரு.

அக்கா: அவரு அவசரம் அவருக்கு.

தம்பி: சரி, போனது போகட்டும். என் பேர்ல எடுத்துடலாம். கட்டடம் உன்னுது, சம்மதம்னு ஒரு கையெழுத்து மட்டும்...

அக்கா: போடமாட்டேன்.

தம்பி: அக்கா...

அக்கா: அக்காவும் இல்ல, கிக்காவும் இல்ல. போடமாட்டேன்னா போடமாட்டேன்.

தம்பி: அப்ப எனக்காக எதுக்குக் கூண்டுல ஏறின? போதையில இருந்தவருக்கு மேல மேல ஊத்தினவன் நான். நாந்தான் ஊத்தினேன்னு நீ...

அக்கா: மெதுவாப் பேசு. கதவு திறந்திருக்கு.

தம்பி: என் பேரு கெடக்கூடாதுன்னுதானே?

அக்கா: உனக்கு ரெண்டு பொண்ணுங்க. அப்பன் தண்டனை வாங்கினவன்னு அதுங்க காதுல விழ வேணாம்னு பாத்தேன். அதுக்காகக் கடைச் சாவியத் தூக்கிக் குடுக்கறேன்னா சொன்னேன்?

தம்பி: ஒரே ஒரு தடவ...

அக்கா: ஒருத்தருக்கு இதுக்கு மேல ஊத்தக் கூடாதுன்னு நமக்குப் பட்டா அவரு கிளாஸக் கவுத்து வைக்கறது இந்தக் கடைப் பழக்கம். உன் மாமா உசுரோட இருந்து கடைய நடத்தினப்ப இருந்து, கவுத்த கிளாஸுக்கு மேல யாரும் வாய் திறந்ததில்ல. அன்னைக்கு அந்த லாரிக்காரருக்கும் கவுத்துட்டுத்தான் மாடிக்குப் போனேன். நிமித்தினது யாரு?

தம்பி: ...ரொம்பக் கெஞ்சினாரு.

அக்கா: கெஞ்சினாரா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

தம்பி: கெஞ்சல. கிளம்பத்தான் எழுந்தாரு. எனக்குத்தான்... தனியாக் குடிக்கப் பிடிக்கல. துணைக்கு இருக்கட்டுமேன்னு உக்கார வெச்சு ஊத்தினேன்.

அக்கா: ம்.

தம்பி: அவரு லாரிய எடுத்துட்டுப் போயி சுவத்துல மோதி, காலு போகும்னு நான் கனவா கண்டேன்?

அக்கா: அவரு சம்சாரம் இன்னைக்கு என் கையப் பிடிச்சிக்கிட்டு, 'நீங்க ஊத்தியிருக்க மாட்டீங்கம்மா'ன்னா. நான் தலையக் குனிஞ்சிக்கிட்டேன்.

தம்பி: விட்டுடறேன்க்கா. இனி தொடமாட்டேன்.

அக்கா: இப்பக் குடிச்சிருக்கியா?

தம்பி: ...கோர்ட்டுப் படபடப்பு. வெளிய போயி, கொஞ்சமாத்தான்.

அக்கா: அதான் தீர்ப்புக்கு முன்னாடி ஜட்ஜ் எங்கிட்டப் பேசறப்ப உன்னக் காணோம்.

தம்பி: சும்மா அதையே குத்திக் காட்டாத. நீ கையெழுத்துப் போடலன்னா வேற கட்டடம் பாத்துக்கறேன். என் பேர்ல ஒரு கறை இல்ல. எந்தச் சட்டம் என்னத் தடுக்கும்?

அக்கா: எதுவும் தடுக்காது. நானே கேட்டுட்டேன்.

தம்பி: யாரக் கேட்ட?

அக்கா: ஜட்ஜத்தான். அபராதத்தோட விடறேம்மான்னுதான் சொன்னாரு. வேணாங்கய்யா, தடை போட்டுடுங்கன்னு நாந்தான் கேட்டேன்.

தம்பி: நீயா? உனக்கென்ன பைத்தியமா... உன் வாயாலயா கேட்ட?

அக்கா: கூடவே தம்பி பேர்லயும் போடுங்கன்னேன். 'தண்டனை வாங்கினவங்களத்தாம்மா நான் தடுக்க முடியும், அவரு என்ன தப்புப் பண்ணினாரு?'ன்னு கேட்டாரு... நான் என்னடா சொல்லியிருக்கணும்?