குளிப்பாட்டிய ஓடை

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு ஓடையக் கல்யாணப் பொண்ணு மாதிரி குளிப்பாட்டிட்டாருடி!"

"இன்னாக்கா சொல்ற?"

"தண்ணியச் சோதிக்கக் காலேஜ்காரங்க வந்தாங்க. பூச்சி, நண்டெல்லாம் உயிரோட இருக்குதுன்னு எழுதிட்டா ஓடைப் பக்கம் கல் குவாரி வராதாம். வர்றவங்க மூஞ்சி சுளிக்கக் கூடாதுன்னு, இந்த மகராசன் முந்தின நாளே பிளீச்சிங் பவுடர மூட்டையோட கொட்டிட்டாரு."

"அய்யய்யோ! அப்புறம்?"

"வலை போட்டுப் பாத்தா ஒண்ணுமில்ல. செத்த ஓடைன்னு எழுதிக்கினு பூட்டாங்க."

"மறுபடி வந்து பாக்கச் சொல்லக்கூடாதா?"

"அதைக் கேக்கத்தான் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க்கினு இருக்கோம்."

"அவரும் வர்றாரா?"

"பின் சீட்டப் பாரு. ஓடையில உயிர் இருக்குதுன்னு காட்ட, மடியில வாளி நெறைய நண்டு வச்சிக்கினு வர்றாரு. அதுவும் பக்கத்து ஊரு ஓடை நண்டு!"