ஏழாம் நம்பர் ரத்தம்

...ஏழாம் நம்பராம்! கேட்டீங்களா இந்த அநியாயத்த? கூடப்பொறந்த அக்கா நான். ஆறு வயசு மூத்தவ. இடுப்புல தூக்கி வெச்சு வளத்தவ. இப்ப டாக்டர் ரூமுக்குள்ள போறாளே, போறவ என்ன சொல்லிக்கிட்டுப் போறா? "ஏழாம் நம்பரோட ரிப்போர்ட் கொண்டு வந்திருக்கேன் டாக்டர்"ங்கறா. என் காதுபட! அக்கான்னு சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?

நீங்க கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காருங்களேன், பேசறதுக்குத் தோதா இருக்கும். ஆங்... அப்படி. பயப்படாதீங்க, நான் அதிகம் பேசறவ இல்ல. "பேச்சக் கொறைங்க, தொண்டைச் சதைக்கு ஓய்வு குடுங்க"ன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. அதனால சுருக்கமா சொல்லிடறேன்.

உள்ள போனவ என் தங்கச்சி. சின்னவள்னுதான் வீட்ல கூப்பிடுவோம். உயிர்வேதியியல் ஆராய்ச்சி பண்றா. முப்பது வருஷமா ஒரே ஒரு புரதத்தக் கட்டிக்கிட்டு அழறா. புரதம்னதும் முட்டை, பருப்புன்னு நினைச்சுடாதீங்க. நான் அப்படித்தான் நினைச்சேன். "அதுக்கு எதுக்குடி ஆராய்ச்சி, அவிச்சுச் சாப்பிட வேண்டியதுதானே"ன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல!

நரம்பு சேதி அனுப்புதுல்ல... அதத் தசை வாங்கிக்கணும்ல... அந்த வாங்கிக்கற எடத்துல இருக்கற புரதமாம். ஏற்பின்னு பேரு. எனக்கு அது மண்டையில ஏறல. அப்புறம் நானே ஒன்னு வெச்சுக்கிட்டேன். நான் பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றவ. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். "ஆறாவது பிளாட்பாரத்துல வண்டி புறப்படத் தயாரா இருக்கு"ன்னு மைக்ல சொல்றேன். சொன்னா போதுமா? பயணி காதுல விழணும். விழுந்தாத்தான மூட்டையத் தூக்கிட்டு ஓடுவாரு? அப்ப நான் நரம்பு, பயணி தசை. நடுவுல இருக்கற காது இருக்கே, அதுதான் சின்னவளோட ஏற்பி. அவகிட்ட சொன்னேன். "பரவால்லக்கா, வகுப்புல சொல்லிக்கறேன்"னா. இன்னிக்கு வரைக்கும் வகுப்புல சொல்லிக்கிட்டுதான் இருக்கா. அக்கா சொன்னதுன்னு மட்டும் சொல்றதில்ல.

அந்தக் காது நம்ம தசையில துளியூண்டுதான் இருக்குமாம். நெறைய வேணும்னா ஒரு மீன் இருக்கு... ஷாக் அடிக்கற திருக்கை. அதுக்கு ஒடம்புல கரண்ட் உண்டாக்கற உறுப்பு, அது பூரா இந்தப் புரதம்தானாம். அதுக்காக விடியக்காலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவா. வலையில மாட்டினா தூக்கித் தண்ணியிலயே எறியற மீன். அதக் குடுங்கன்னு ஒரு பொண்ணு வந்து நின்னா சிரிக்க மாட்டாங்களா? "கரண்ட்டம்மா"ன்னே பேரு வெச்சுட்டாங்க.

ஒருநாள் வேன் வரலன்னு உசுரோட ஒரு மீன வாளியில போட்டு, மேல துணியப் போத்தி, பஸ்ல ஏறிட்டா. கண்டக்டர் வந்து "வாளியில என்ன?"ன்னு கேட்டிருக்காரு. இவ "ஆராய்ச்சி"ன்னு சொல்லியிருக்கா. யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? அவரு துணியத் தூக்கி உள்ள கைய விட்டுட்டாரு. அவ்வளவுதான்! மனுஷன் விசிலக் கடிச்சபடியே எகிறிட்டாரு, வண்டி பூரா கூச்சல். வண்டி என் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்து நிக்குது. நான் ரூம் ஜன்னல் வழியாப் பாக்கறேன், எங்க வீட்டு வாளி! உடனே மைக்ல, "வாளி வெச்சிருக்கற பயணி தயவுசெஞ்சு எறங்கவும்"னேன். சொந்தத் தங்கச்சிய மைக் போட்டு எறக்கி விட்டவ நானாத்தான் இருப்பேன்.

என்ன... சிரிப்பு வருதா? சிரிங்க. அவளுக்கு மட்டும் வரல.

அந்த மீன்ல இருந்து புரதத்தத் தனியா எடுக்க ஒம்போது வருஷம் ஆச்சுங்க. பாம்பு விஷம் அந்தக் காதக் கெட்டியாப் புடிச்சுக்குமாம். அதனால பொடிப்பொடி மணியில விஷத்த ஒட்ட வெச்சு, மீன் கரைசல அது வழியா வடிய விடுவாங்க. மத்ததெல்லாம் ஓடிடும், இது மட்டும் மாட்டிக்கும். கேக்கறதுக்கு என்னமோ சல்லடையில மாவு சலிக்கற மாதிரி இருக்குல்ல? அந்தப் புரதம் கொஞ்சம் சூடு பட்டாப் போச்சு, செத்துடும். அதனால குளிர் ரூம்லயே குடியிருப்பா. கொளுத்தற வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பஸ்ல வருவா. பக்கத்துல உக்காந்தவங்க காச்சல்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. வீட்ல கல்யாணப் பேச்சு எடுத்தோம்னா மறுநாளும் குளிர் ரூம்தான். எங்கப்பா அலுத்துப்போய், "அவளுக்கு மாப்பிள்ளைய அந்த ஐஸ் பெட்டியிலதான் தேடணும்"னுட்டாரு.

கடைசியில புரதம் வந்துச்சு. அதோட உருவம், எப்படித் தொறக்குது, எப்படி மூடுது, எல்லாம் கண்டுபுடிச்சு எழுதி முடிச்சா. அனுப்பப் போற வாரம், வேற எங்கயோ ஒரு கூட்டம் அதையே எழுதி வெளியிட்டுடுச்சு. பதினோரு நாள்தான் வித்தியாசம்!

அன்னிக்கு வீட்டுக்குப் போகல. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. என் ரூம் வாசல் பெஞ்சுல உக்காந்துட்டா. ஒவ்வொரு வண்டியாப் போகுது, பாத்துக்கிட்டே இருக்கா. எனக்கு மனசு தாங்கல. வெளிய வந்து, "ஒரு வண்டி போனா என்னடி, அடுத்தது வரும்"னேன். அவ திரும்பி, "அக்கா, அது என் வண்டி"ன்னா. நானும் அவ பக்கத்துல உக்காந்துட்டேன்.

இருங்க... ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன். குரல் மூக்கால வருதுல்ல? ரொம்ப நேரம் பேசினா இப்படித்தான் ஆகும். எதுல விட்டேன்?

ஆங். ஒரு மாசம் கழிச்சு புதுசா ஒன்னு ஆரம்பிச்சா. சில பேரோட ரத்தமே அந்தக் காதுகள எதிரின்னு நினைச்சு அடைச்சுடுதாம். நரம்பு கத்துது, தசைக்குக் கேக்கல. கண்ணு சொருகும், குரல் கம்மும், முழுங்க முடியாது, முத்திப் போனா மூச்சே விட முடியாது. அத ரத்தத்துல பாத்துச் சொல்ற சோதனை இங்க கெடையாது. வெளியூருக்கு அனுப்பிட்டு மாசக்கணக்குல உக்காந்திருக்கணும். அத இங்கயே ஒரே நாள்ல சொல்லிடணும்னு எறங்கினா. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, உங்க ரத்தமும் அவ லேபுக்குத்தான் போயிருக்கும்.

சோதனை சரியான்னு பாக்க நல்லா இருக்கறவங்க ரத்தமும் வேணும்ல? எங்க பஸ் ஸ்டாண்டுக்குத்தான் லேப் ஆளுங்கள அனுப்பி எடுத்தா. டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர்னு இருபது பேர். நான் ஏழாவது.

அங்க புடிச்சது சனி. எல்லார் ரத்தமும் ஒழுங்கா இருக்கு, ஏழாம் நம்பர் மட்டும் நோய்னு காட்டுது. ஆள் பேரெல்லாம் தனியாப் பூட்டி வெச்சிருப்பாங்களாம், அவளுக்கே தெரியக் கூடாதாம். அதனால சோதனைதான் தப்புன்னு முடிவு பண்ணிட்டா. மருந்தெல்லாம் கொட்டினா. புதுசா மீன் வாங்கி மறுபடி புரதம் எடுத்தா. திரும்பவும் ஏழு. எட்டு மாசம்! கூட இருந்தவங்களே, "விட்டுடுங்க மேடம், இது தேறாது"ன்னுட்டாங்க. தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு அவளுக்கு.

கடைசியில அனுமதி வாங்கி அந்தப் பூட்டத் தொறந்து பேரப் பாத்திருக்கா. அன்னிக்கு சாயங்காலம் என் ரூமுக்குள்ள வந்து நிக்கறா. மூச்சு வாங்குது. "நூறு வரைக்கும் சத்தமா எண்ணு"ன்னா. என்னடி விளையாட்டுன்னேன். "எண்ணுக்கா"ன்னா. எண்ணினேன். அறுபதத் தாண்டினதும் குரல் மூக்குக்குப் போயிடுச்சு. நாக்கு பெரளல. கண்ணு சொருகிட்டு வருது. ஓடிப்போய் ஐஸ் வாங்கிட்டு வந்து என் கண்ணு மேல ரெண்டு நிமிஷம் வெச்சா. கண்ணு நல்லா தொறந்துக்கிச்சு, இந்த நோய்னா ஐஸ் பட்டதும் அப்படித் தொறக்குமாம். உடனே இவ என்ன பண்ணினா தெரியுமா? கையத் தட்டி சிரிச்சா! "சரிதான்க்கா! என் சோதனை சரிதான்!"னு துள்றா! அக்காளுக்கு நோய்னு தெரிஞ்சதும் சிரிச்ச தங்கச்சிய எங்கயாவது பாத்திருக்கீங்களா? அப்புறம்தான் அவளுக்கு உறைச்சுது. என் மடியில மூஞ்சப் பொதச்சுக்கிட்டா. ஆறு மணி வண்டிக்கு நான் அறிவிப்பே சொல்லல, வண்டி அது பாட்டுக்குப் போயிடுச்சு.

இப்ப மாத்திரையில பரவால்ல. பகல் ஷிஃப்ட்டு மட்டும் பாக்கறேன்.

இப்ப என்னன்னா... அவ ஒரு கட்டுரை எழுதியிருக்கா. ரெண்டே பக்கம். ஒடம்புல எந்த அறிகுறியும் தெரியறதுக்கு முன்னாடியே ரத்தம் சொல்லிடும்னு. ஏன்னா ஏழாம் நம்பர் ரத்தம் குடுத்தப்போ நல்லா இருந்துச்சு, அப்புறம்தான் நோய் வந்துச்சு, அப்படித்தானே? பெரிய பெரிய ஆளுங்களுக்கே இது புதுசாம். இன்னிக்கு அனுப்பறா. முப்பது வருஷத்துல அவ மூஞ்சில இந்த மாதிரி ஒரு களைய நான் பாத்ததில்லங்க. காலையில இருந்து பாட்டு வேற முணுமுணுக்கறா.

அதுலதான்... ஒன்னு இருக்கு. கொஞ்சம் கிட்ட வாங்க.

ரத்தம் குடுக்கறப்போ ஒரு ஃபாரம் குடுத்தாங்க. "பார்வை, பேச்சு, தசையில் ஏதேனும் தளர்ச்சி உண்டா?"ன்னு ஒரு கேள்வி. நான் "இல்லை"ன்னு போட்டேன். இருந்துச்சுங்க. எத்தனையோ மாசமா இருந்துச்சு. கண்ணு சொருகும், ரெண்டு ரெண்டு பஸ்ஸாத் தெரியும். சாயங்காலம் குரல் தேயும். வெளிய சொன்னா மைக்க விட்டு எறக்கிடுவாங்க. அப்பவே பதிவு பண்ண குரல் ஒன்னு வாங்கலாம்னு பேச்சு அடிபட்டுக்கிட்டிருந்துச்சு. அதுவும் தங்கச்சியோட ஃபாரம்தானே, யாரு பாக்கப் போறான்னு நினைச்சுட்டேன். அவளுக்கு எட்டு மாசமும் முடி கொட்டினது என் "இல்லை"யாலதான். இப்ப அந்தப் பொய் மேலதான் கட்டுரையும் நிக்குது.

இல்லங்க, இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றது? காலையில இருந்து நாலு தடவ வாயத் தொறந்தேன். அந்தப் பாட்டக் கேட்டதும் மூடிக்கிட்டேன்.

ஐயோ, வந்துட்டா. நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? இருங்க, எனக்குத் தொணைக்கு ஒரு ஆள் வேணும்.

வாடி. என்ன சொன்னாரு டாக்டர்? ...இவங்களா? சும்மா ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டிருந்தோம். ...சின்னவளே, இப்படி உக்காரு. அந்தக் கட்டுரை... அனுப்பிட்டியா? ...அனுப்பாத. ...அனுப்பாதன்னு சொல்றேன்ல! ஃபாரத்துல நான் போட்டது பொய்டி. ...ஆமா. ரத்தம் குடுத்த அன்னிக்கே எனக்குக் கண்ணு சொருகிட்டுத்தான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்.

நாலு பேர் இருக்காங்கன்னு பாக்காத, நல்லாத் திட்டிடு.

...என்னத்தத் தேடற பையில? ...நோட்டா?

எந்த மாசமா? ...மொதல்ல எந்தக் கண்ணா? ஏன்டி, உன் வேலையக் கெடுத்தவ எதிர்ல உக்காந்திருக்கேன், நீ தேதி கேக்கற! ...சரி, சரி, எழுது. இந்த வாட்டி ஒழுங்காச் சொல்றேன். இடது கண்ணு. ரத்தம் குடுத்ததுக்குப் பத்து மாசம் முன்னாடி... மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு. சாயங்காலம். பஸ் நேரப் பலகையில எழுத்து ரெட்டையாத் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு வாரத்துல... இரு. கண்ணத் தொடச்சுக்கோ, எழுத்து கலையுது. குடு பேனாவ, நானே எழுதறேன்.