வழிப்போக்கனின் மொய்

புதுக்கோட்டை மாவட்டத்தில் விதிகளை மதித்து வாழ்கிற கடைசி மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, விசாரித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஆலங்குடி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்ததில்லை. பரீட்சையில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவன் என்னைவிட மக்கு என்பது வேறு விஷயம்.

ஆகவே நடந்ததைச் சொல்வதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் இப்படித்தான் சொல்வேன்.

'கோட்டைச் சீட்டு' என்று போனில் ஆடுகிற ஒரு விளையாட்டு. யானை, வில்லாளி, ஒற்றன், அகழி என்று ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பலம். எதிராளி எதை இறக்குவான் என்று ஊகித்து நம் சீட்டை இறக்கி அவன் கோட்டையைப் பிடிக்க வேண்டும். கல்லூரியில் எங்களுக்கு ஓர் அணி உண்டு. தலைவன் நான். அணிக்குள் தனி விதிகள் போடுகிற அதிகாரம் தலைவனுக்குத்தான். ஒரு வாரம் யானையே கிடையாது என்பேன். இன்னொரு வாரம் கையிலிருக்கும் சீட்டை எதிராளிக்குக் காட்டிக்கொண்டே ஆட வேண்டும் என்பேன்.

"ஒனக்குத் தோக்கத் தெரியலடா உடையா. அதான் வாரா வாரம் விதிய மாத்துற" என்பாள் என் வகுப்பு ஹரிணி. அவளும் அணியில் இருந்தாள். அவளை நான் மதிக்கிறேன்.

சந்தோஷ்குமார் என் நண்பன், கீரமங்கலத்துக்காரன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதற்கெல்லாம் சிரிப்பான். அவன் அப்பா வெள்ளைச்சாமி குவைத்தில் லாரி ஓட்டுகிறார். அக்கா கல்யாணத்துக்கு அவரைக் கம்பெனியில் விடவில்லை. அப்பா நிற்க வேண்டிய இடத்தில் இவன் நின்றான். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவான்.

மகன் எடுக்காத நாட்களில் வெள்ளைச்சாமி மாமா என்னைக் கூப்பிடுவார். சித்திரையில் ஒருநாள் கேட்டார்.

"மாப்ள, அவன் எந்நேரமும் ஏதோ சீட்டு வெளாடுறானாமே. அதுல என்னையும் சேத்துக்குவீங்களா? வேற பேர்ல வாரேன். அவன்ட்ட சொல்லிராதீங்க."

சேர்த்துக்கொண்டேன். 'வழிப்போக்கன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். குவைத்தில் இருக்கிற அறந்தாங்கிப் பக்கத்து ஆள் என்று சந்தோஷிடம் சொல்லிவைத்தார். ஆட்டம் அவருக்குச் சுத்தமாக வரவில்லை. நல்ல யானையைக் கொண்டுபோய் எதிராளியின் அகழியில் இறக்குவார். சந்தோஷ்தான் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். "அண்ணே, அங்கிட்டு எறக்காதீங்க, இங்கிட்டு வாங்க" என்று எழுதுவான். பெற்ற அப்பாவை அண்ணே என்று. அவர் பதிலுக்கு எழுதுவது எப்போதும் ஒன்றுதான்: "சரி தம்பி. சாப்டியா?"

எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. கேன்டீனில் வழிப்போக்கனை நடித்துக் காட்டுவேன். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, கொள்ளைக்காரன் குரலில் ஒவ்வொருவரிடமும் போய் "சாப்டியா?" என்பேன். ஹரிணிக்கே புரையேறியது. சந்தோஷ் மட்டும், "பாவம்டா அந்த அண்ணன், விட்ரு" என்றான்.

"சொந்த மொகத்தக் காட்டிப் பேச வக்கில்லாதவன்தான்டா இப்புடி ஒளிஞ்சுக்கிட்டுப் பாசம் காட்டுவான்" என்றேன். அது நல்ல வசனம் என்று அப்போது நினைத்தேன்.

பஸ்ஸில் சந்தோஷ் என் பக்கம் திரும்புவது குறைந்தது. நான் ஏதாவது சொன்னால், "இருடா, அண்ணே மாட்டிக்கிட்டாரு" என்பான். ஒருநாள் போனைப் பார்த்தபடியே சொன்னான்: "எங்கப்பாவும் அங்கிட்டுத்தான் இருக்காரு. இவர்ட்ட பேசுற மாரி அவர்ட்ட பேச வரமாட்டேங்குதுடா."

அப்போதே சொல்லியிருக்கலாம். சாரல் அடித்தது. நான் ஜன்னலை மூடினேன்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடியென்றால் மொய் விருந்து. ஒருவர் கறிச்சோறு போடுவார், ஊர் சாப்பிட்டுவிட்டு மொய் செய்யும். பிறகு அவரவர் விருந்து வரும்போது அவர் கூடுதலாகப் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பிச் செய்யாவிட்டால் உறவு முறிந்தது. அதை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

இதையே அணியில் தனி விதியாக்கினேன். வாரம் ஒருவர் விருந்துக்காரர். வெளி அணியோடு அவர் ஒற்றை ஆளாக மோத வேண்டும். மற்றவர்கள் போருக்கு முன்னால் அவருக்குத் தங்கள் சீட்டுகளை மொய்யாகச் செய்யலாம். அவர்கள் முறை வரும்போது அவர் கூடுதலாக வைத்துத் திருப்ப வேண்டும். அணியில் பாதிப்பேர் கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

சந்தோஷ் முறையில் வழிப்போக்கன் தன்னிடமிருந்த நல்ல சீட்டையெல்லாம் துடைத்துக் கொடுத்தார். சந்தோஷ் ஜெயித்தான். மாமா எனக்குக் குரல் செய்தி அனுப்பினார்: "மாப்ள, அடுத்து என் மொற. அவன் எனக்குச் செய்யட்டும், செஞ்ச கையோட நான் யாருன்னு சொல்லிர்றேன். அதுக்கப்பறம் அவன் ரெண்டு வார்த்த திட்டுனாலும் சரி. ஆவணியில ஊருக்கு வந்துருவேன். இனிமே இங்க வேணாம்."

அந்த வாரம் சந்தோஷின் போன் கீழே விழுந்து திரை போனது. புதுக்கோட்டையில் கடையில் கொடுத்திருந்தான். தன் கணக்கை என் போனில் திறந்துவிட்டு, "அண்ணனுக்குச் செஞ்சிர்றா உடையா. ரெண்டு கூடவே வையி. மறந்துறாத" என்றான்.

நான் மறக்கவில்லை. இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போன் கையில்தான் இருந்தது, சீட்டுகளை எடுத்தும் வைத்துவிட்டேன். அனுப்பும் பொத்தான் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், போர் தொடங்கும்வரை.

வழிப்போக்கன் மிச்சமிருந்த நொண்டிச் சீட்டுகளோடு இறங்கித் தோற்றார். பிறகு கூப்பிட்டார்.

"மாப்ள, அவனுக்குத் தெரிஞ்சுபோச்சோ? நாந்தான்னு?"

"இருக்கும் மாமா" என்றேன்.

பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. "செய்யாம விட்டுட்டானே" என்றார். பிறகு, "சரி, நீங்க அவன ஒண்ணும் கேட்டுக்கிறாதீங்க" என்றார்.

அன்றே அணியை விட்டுப் போனார். ஆவணியில் வரவில்லை, மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சந்தோஷ்தான் எனக்குச் சொன்னான். "நல்லதாப் போச்சு" என்றவன், பஸ் வம்பன் ஊரைத் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

அதற்கு முன்பே, அவன் போன் சரியாகி வந்தபோது சீட்டுகள் அவனிடமே இருந்தன. "செஞ்சேன்டா. அவருதான் திருப்பி அனுப்பிட்டாரு" என்றேன். மொய்யைத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கம் முகத்தில் துப்புவதற்குச் சமம். "நான் என்னடா பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். போனைப் பைக்குள் வைத்துவிட்டான். பஸ்ஸில் என் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்தான். நான் சொன்ன எதற்கும் சிரிக்கவில்லை.

எனக்கு அசிங்கமாக இருந்தது. கண்ணாடியில் வகிட்டை மட்டும் பார்த்துத் தலை சீவப் பழகினேன். கேன்டீனில் யாராவது "உடையா, அந்தக் கொள்ளக்காரன் மாரி செஞ்சு காட்டுடா" என்றால் வயிற்றுவலி என்று எழுந்துவிடுவேன். மாமாவின் நம்பரை அழுத்திவிட்டு மணி அடிக்கும் முன்பே துண்டித்திருக்கிறேன், பல தடவை. உண்மையைச் சொன்னால் அவர்கள் இருவருக்கும் சரியாகிவிடும். ஆனால் அதில் என் பெயரும் வரும்.

அதனால் வேறு வழியில் சரிசெய்தேன். புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி, 'வழிப்போக்கன்' என்று பெயர் வைத்து, தலைவன் என்ற முறையில் நானே அணியில் சேர்த்துக்கொண்டேன்.

கல்லூரி விட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் சந்தோஷின் போன் அதிர்ந்தது. பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் விரல்கள் ஓடுவதும் என் போனில் எழுத்துகள் வருவதும் ஒரே நேரத்தில் நடந்தன.

"அண்ணே! எங்கண்ணே போனீங்க? எம்மேல கோவமா?"

"கோவமில்ல தம்பி. போன் கெட்டுப்போச்சு."

அவன் உடனே சீட்டுகளை அனுப்பினான். அவன் அப்பா செய்தது அத்தனையும், மேலே இரண்டும். "இப்பத்தாண்ணே மனசு லேசாருக்கு" என்று எழுதிவிட்டு, என் பக்கம் திரும்பி, "டேய், அண்ணே வந்துட்டாருடா" என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான்.

பெற்றுக்கொண்டேன். விதிப்படி, அவன் முறை வரும்போது நான் கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாமல் பாதியில் விட்டுப் போவது நியாயம் ஆகாது. ஆகவே அதுவரையாவது இந்தப் பெயரில் இருப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

பஸ் கிளம்பியது. அவன் தோள் என் தோளில் இடித்தது.

"அண்ணே, இருக்கீங்களா?"

போனை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துக்கொண்டேன்.

"இருக்கேன் தம்பி" என்று எழுதினேன். "சாப்டியா?"