அளந்து வைத்த தண்ணீர்

ஹலோ... ஆமா, அக்காதான். இப்பத்தான் போனை எடுக்கத் தோணுச்சா உனக்கு?... ஆஸ்பத்திரியில இருக்கேன்... ஆமா, ஆமா, அப்பாவுக்குத்தான். மூச்சு விட முடியல. மாஸ்க் மாட்டிப் படுக்க வெச்சிருக்காங்க... எதனாலயா? உன்னாலதான்!

நேத்து நான் கடைக்குப் போன நேரத்துல என்னடா குடுத்த அவருக்கு?... புளுகாத. குடும்ப குரூப்புல நீயே போட்டோ போட்டிருக்க, தர்பூசணியை ஊட்டி விடுற மாதிரி!... பழந்தானேவா? அது பூரா தண்ணிடா! ரெண்டு கிட்னியும் போன மனுஷன், அந்தத் தண்ணி எங்க போகும்? நெஞ்சுல கட்டிக்கிச்சு... கொஞ்சமா? குப்பைக்கூடை நிறைய தோல் கிடக்கு, பார்த்தேன்!

இரு, நான் பேசி முடிச்சுக்கிறேன். தினம் பாட்டில்ல அளந்து வைக்கிறேனே, மாத்திரை முழுங்கவும் அதுலதான். 'இன்னும் ஒரு வாய்'னு கை நீட்டுவாரு. அந்தக் கையை விலக்கி விடுறவ நான். குழாய்ல வாய் வெச்சிருவாரோன்னு பாத்ரூம் வாசல்ல காவல் நிக்கிறவ நான். நீ எப்பவாவது வந்து பழம் ஊட்டுவ, அத்தை 'பிள்ளைன்னா இப்படி இருக்கணும்'னு மெசேஜ் போடுவாங்க! பத்திக்கிட்டு வருதுடா எனக்கு!

என்னது?... ஆள் போடுறியா? ஆளு வேணாம், நீ வா. வந்து ஒரு மாசம் இரு. பாட்டிலை நீ அளந்து வை... மனசு கேக்காதா? எனக்கு மட்டும் கல்லுலயா செஞ்சு வெச்சிருக்கு? எனக்கும் அவரு அப்பாதான்டா!

டேய்... அழுறியா? அழாத... ஆமா, ஆமா, உடனே டயாலிசிஸ் பண்றாங்களாம். பொழைச்சுக்குவாருன்னுதான் சொல்றாங்க... இரு, நர்ஸ் கூப்பிடுறாங்க. சொல்லுங்க சிஸ்டர்... பையனா? லைன்லதான் இருக்கான்... சரி, வரேன்.

கேளுடா. மாஸ்க்கை இழுத்துப் போட்டுட்டு அடம் பிடிக்கிறாராம். 'பொண்ணு தண்ணி தராம கொல்றா, பையனைக் கூப்பிடு'ங்கிறாராம். இதோ, போனை அவர் காதுல வைக்கப் போறேன். தண்ணிதான் கேப்பாரு. கிடையாதுப்பான்னு சொல்லு. இந்த ஒரு தடவை நீ சொல்லு, போதும்... அப்பா, இந்தாங்க, தம்பி...

என்னப்பா?... சத்தமே வரலையா? குடுங்க... ஹலோ? டேய்?... ஹலோ?

வெச்சுட்டான்ப்பா...

இல்லப்பா. தண்ணி கிடையாது.