நிப்பாட்டின மாத்திர

இல்லக்கா, எம் புருசன் அடிச்சதில்ல. ஹட்டன்ல பஸ் ஏறுனதுல இருந்து நீங்க இந்தக் கையையே பாத்துட்டு வர்றீங்க, அதான் சொல்றேன். கதவு லேசா இடிச்சாலே இப்படித்தான் நீலம் பாஞ்சுருது. ரத்தத்த எளக்குற மாத்திர போடுறேன்ல, அதால. டொக்டர் மொதல்லயே சொல்லித்தான் குடுத்தாரு.

அட, நீங்களுமா? இத நிப்பாட்டுன்னு சொல்லாத ஆளு எங்க லயத்து வீடுகள்ல ஒருத்தர் பாக்கி இல்ல. கோவிச்சுக்காதீங்க. இந்தப் பேச்சக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

எதுக்குன்னா, மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு எடம் பலூன் மாதிரி ஊதிக்கிட்டு நிக்குது. வெடிச்சா ஆளு காலி. அதுக்கு முந்தியே தொடை வழியா கம்பி விட்டு, அந்த எடத்துல வலை மாதிரி ஒரு சின்னக் குழாய வச்சிருவாங்க. மண்டையத் தொறக்க மாட்டாங்க. நாளைக்குக் கண்டியில எனக்கு அதான். ஆனா அந்தக் குழாய் நம்ம ஒடம்புக்குப் புதுசு பாருங்க, அது மேல ரத்தம் கட்டியா ஒட்டி அடைச்சுப்புடும். ஒட்டாம இருக்கத்தான் முந்தியே மாத்திர, வைக்கிறப்ப ஊசி, வச்ச பொறகும் மாசக்கணக்கா மாத்திர. டொக்டர் சிங்களத்துலதான் சொன்னாரு. எனக்கு வெளங்குச்சு. எங்க மாமாவுக்குத்தான் வெளங்கல.

மாமான்னா அம்மாகூடப் பொறந்தவரு, கந்தப்பன். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்க தோட்டத்துல கோயில் தலைவரு. அவரு சொல்றதுதான் சட்டம்.

எந் தம்பி சுதாகரனுக்குத்தான் இது மொத வந்துச்சு. தேயிலக் கொழுந்து லொறி ஓட்டுறவன். தலவலின்னு போயி, படம் புடிச்சுப் பாத்து, குழாய் வச்சு, நல்லாத்தான் திரும்பி வந்தான். கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாம்னு அப்பத்தான் என்னையும் பாத்தாங்க. ஒரு நாள் பல்லு வெளக்குறப்ப அவனுக்கு ஈறுல ரத்தம் வந்துச்சு. மாமா பாத்துட்டாரு. ரத்தம் தண்ணியாப் போச்சுடா, அத நிப்பாட்டு, நான் சொல்றேன்லன்னாரு. இவன் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? டொக்டருக்கு ஒரு போன் எடுத்தானா? நிப்பாட்டிட்டான். மாமா சொல்லிட்டாருல்ல.

நிப்பாட்டி ஒரு வாரம் இருக்கும். ஃபெக்டரி வாசல்ல லொறிய விட்டு எறங்குனவனுக்கு வாய் கோணிக்கிச்சு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு. தூக்கிக்கிட்டு கண்டிக்கு ஓடுனோம். டொக்டர் கேட்ட மொதக் கேள்வி, மாத்திர போட்டாரா? குழாய் அடைச்சுக்கிச்சாம். நிப்பாட்டிட்டான்னு நாந்தான் சொன்னேன். மாமாவும் பக்கத்துலதான் நின்னாரு. ஆனா தோட்டத்துக்கு வந்து என்ன சொல்றாரு தெரியுமா? தலைக்குள்ள கம்பிய விட்டுக் கெடுத்துட்டானுங்களாம். அதே வாயால, நீயும் போகாத புள்ளன்னு எங்கிட்டயே வந்து நிக்கிறாரு. நீங்க வாய மூடுங்கன்னுட்டேன். பெரியவர அப்படிப் பேசலாமான்னு அம்மா அழுவுது. பேசுவேன். இன்னமும் பேசுவேன்.

வீட்டுக்காரரா? வருவாரு, நாளைக்குக் காலையில. நாந்தான் நில்லுங்கன்னேன். எங்க பக்கத்துக்கு ஒரு ஆளாச்சும் இன்னைக்கு அங்க நிக்கணும்ல. நாள மாத்தச் சொன்னா அடுத்த நாள் எப்பக் கெடைக்குமோ, அதான் நான் பொறப்பட்டு வந்துட்டேன்.

தம்பியா? இப்ப எப்படி இருக்கான்னா கேக்குறீங்க?

இன்னைக்கு அவனுக்குக் கருமாதிக்கா. மாமாதான் முன்னுக்கு நின்னு எல்லாம் செய்றாரு.