சீராகக் கொடுத்த காண்டெஸா

படிவம் நிரப்புவதென்றால் எனக்குப் பிடிக்கும். எழுத்து கட்டத்தைத் தாண்டாமல் எழுதுவேன். மோட்டார் பம்பு கம்பெனி நடத்திய முப்பத்தாறு வருஷத்தில் நான் அரசாங்கத்துக்கு அனுப்பிய படிவம் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது கிடையாது. உங்கள் தனிமைப்படுத்தல் துறையின் படிவத்தையும் அப்படித்தான் தொடங்கினேன். பெயர் வெங்கடபதி. வயது அறுபத்தாறு. ஊர் கோயம்புத்தூர், பீளமேடு. ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டேன். "இந்த உயிரினங்கள் வாகனத்துக்குள் எப்படி வந்தன?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். இரண்டு வரி போதாது. அதனால் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். தமிழிலேயே எழுதலாம், பெர்த்தில் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னதற்கு நன்றி.

வண்டி 1989ஆம் வருஷத்துக் காண்டெஸா கார். பால்வெள்ளை. அதை நான் வெயிலில் நிறுத்தியதே இல்லை. மழையில் எடுத்ததில்லை. ஊட்டிக்குப் போனால் மேட்டுப்பாளையத்தில் நிறுத்திவிட்டு மலைக்குப் பஸ்ஸில் ஏறுவோம். வண்டிக்கு மூச்சு வாங்கும் என்பதால். என் மனைவி கோமளாவுக்கும் மூச்சு வாங்கும்தான். ஆனால் அவள் வாய்விட்டுச் சொல்லக்கூடியவள்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஒரே மகள் பூஜிதாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சாய்குமாருக்குப் பெர்த்தில் வேலை. பையனும் பெண்ணும் அங்கே, வண்டி இங்கே. இதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் மேடையில் மைக்கை வாங்கினேன். "இந்த வண்டி எனக்கு உசுருங்க. அதையே எம்பொண்ணுக்குச் சீராக் குடுக்கறேனுங்க" என்றேன். மண்டபமே எழுந்து கைதட்டியது. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் பொண்ணும் மாப்பிள்ளையும் விமானம் ஏறினார்கள். சீர் என் போர்டிகோவிலேயே நின்றது. நான் வழக்கம்போல அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இதைத் தந்திரம் என்று சிலர் சொல்லலாம். நான் அதைத் தாராளம் என்றுதான் நினைக்கிறேன்.

போன வருஷம் தீபாவளிக்கு வீடியோவில் கூப்பிட்டபோது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். "மாமா, நம்ம காண்டெஸாவ இங்க கொண்டாந்துரலாம்னு இருக்கோமுங்க. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆன வண்டின்னா இங்க அனுமதி குடுக்கறாங்க."

"நம்ம" என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொடுத்த சீரைக் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "அதுக்கென்னுங்க மாப்ள, உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்றேன். அன்றைக்கு எனக்கு லட்டு இறங்கவில்லை.

மாப்பிள்ளை அனுப்பிய காகிதங்களில் உங்கள் துறையின் விதிகளும் இருந்தன. மூன்று முறை படித்தேன். மண் இருக்கக் கூடாது, விதை கூடாது, இலை கூடாது, இறகு, முட்டை, பூச்சி, பூச்சிக்கூடு எதுவும் கூடாது. மீறினால் வண்டியைத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவீர்கள். விஷயம் பெரிதாக இருந்தால் சொந்தக்காரர் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அந்தக் கடைசி வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு அரசாங்கக் காகிதம் எனக்கு அவ்வளவு ஆறுதல் தந்தது அதுதான் முதல் தடவை.

வண்டியைச் சுத்தம் செய்ய, அதைக் கப்பலில் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் உக்கடத்திலிருந்து நிஜாம் என்பவரை அனுப்பினார்கள். உங்கள் விசாரணையில் அவர் பெயர் அடிபடுவதால் அவரைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு வேலைக்காரரை நான் என் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை. சீட்டைக் கழற்றினார், கார்பெட்டைக் கழற்றினார், கதவின் உட்பலகையைக் கழற்றினார். பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தேய்த்தார். பின்சீட்டுக்கு அடியில் பூஜிதாவின் பால்பல் ஒன்று கிடைத்தது. கழுவித் துடைத்து, பேப்பரில் மடித்துக் கோமளாவிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் தோட்டத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து ஸ்டெப்னிக்கு அடியில் போட்டேன். வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காத்துல வந்திருக்கும் போலிருக்குதுங்க சார்" என்று மறுபடி முழு வண்டியையும் கழுவினார். மறுநாள் கதவிடுக்கில் கம்பு தூவினேன். "குருவி கொண்டாந்து போட்டிருக்குமுங்க" என்று சொல்லி மறுபடி கழுவினார். என்மேல் அவருக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. எனக்கு அது சங்கடமாக இருந்தது. அதே சமயம் மண்ணும் தானியமும் இந்த வேலைக்கு ஆகாது என்பதும் தெரிந்துபோயிற்று. கழுவினால் போகிற பொருளை நம்பிப் பயனில்லை.

எங்கள் தோட்டத்தில் மழை பெய்தால் பப்பாளி மரத்தடியில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வரும். உள்ளங்கை அகலம் இருக்கும். உங்கள் விதிகளில் அதற்கென்றே படத்துடன் தனிப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஒரு நத்தை தப்பினாலும் பயிர் பச்சைக்கெல்லாம் ஆபத்து என்று எழுதியிருந்தது. அதைப் படித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். உங்கள் நாட்டு விவசாயிகள்மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. நீங்கள் எப்படியும் பிடித்துவிடுவீர்கள் என்று நம்பினேன். உங்கள் திறமைமேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

கப்பல் போய்ச் சேர முப்பத்தெட்டு நாள் ஆகும் என்றார்கள். நத்தை தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? பன்னிரண்டு பேரைச் செருப்பு டப்பாக்களில் போட்டு ஸ்டோர் ரூமில் வைத்தேன். வண்டிக்கான காகிதங்கள் தயாராக இரண்டு மாதம் பிடித்ததால் அவகாசம் இருந்தது.

"ஏனுங்க, செருப்பு டப்பாவுக்குள்ள தெனமும் என்னத்தப் பாக்கறீங்க?" என்று கோமளா கேட்டாள்.

"ஆராய்ச்சி."

"ரிட்டயர் ஆனவங்க எல்லாம் வாக்கிங் போறாங்கொ" என்றாள்.

நாற்பதாம் நாள் திறந்து பார்த்தேன். மூன்று பேர் தவறிவிட்டார்கள். மற்ற ஒன்பது பேரும் ஓட்டின் வாயைத் தோலால் மூடிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளித்ததும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டியைக் கன்டெய்னரில் ஏற்றும் நாள் வந்தது. நிஜாம் காலையிலேயே வந்து கடைசியாகப் பார்த்து, கதவுகளிலும் டிக்கியிலும் காகிதச் சீல் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டிலிருந்து வண்டி தூரம் போவதென்றால் பூஜை போடாமல் அனுப்ப மாட்டோம். பொட்டு வைப்போம், மாலை போடுவோம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம்.

நிஜாம் கையெடுத்துக் கும்பிட்டார். "பூ ஒரு இதழ்கூட ஒட்டக் கூடாதுங்க சார். எலுமிச்சங்கா கூடவே கூடாதுங்க. நாலு தடவ கழுவிப்போட்டேனுங்க."

பூஜையை நிறுத்த முடியாது, வண்டியையும் தொடக் கூடாது. கோமளாதான் வழி சொன்னாள். வண்டியின் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஹாலில் நாற்காலிமேல் சாய்த்து வைத்து, மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றினாள். எதிர்வீட்டு கோபாலசாமி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, முகம் மாறி, சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினார். "எப்பங்க ஆச்சு?" என்று கேட்டார். அப்புறம்தான் போட்டோவில் இருந்தது வண்டி என்று பார்த்தார்.

எல்லோரும் போட்டோவுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜாமுக்குக் கேசரியும் காபியும் கொடுத்து ஹாலிலேயே உட்கார வைத்திருந்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஆறு நிமிடம்தான். சீலைக் கிழித்து, மாற்றுச் சாவியால் பின்கதவைத் திறந்தேன், சீட்டைத் தூக்கினேன், ஒன்பது பேரையும் ஈரச் சாக்குக்குள் படுக்க வைத்தேன். கூடவே மேட்டுப்பாளையத்து முட்டைக்கோஸ் இரண்டும், ஓடு வலுவாக இருக்க ஒரு துண்டுச் சுண்ணாம்பும் வைத்தேன். வழிக்குச் சோறு கட்டாமல் எங்கள் வீட்டிலிருந்து யாரையும் அனுப்பியதில்லை. பிறகு வண்டிப் பக்கத்தில் நிஜாம் விட்டுப்போன பையிலிருந்து புதுச் சீல் எடுத்து ஒட்டி, அவர் கையெழுத்தை நானே போட்டேன். எளிமையான கையெழுத்துதான்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று டாட்டா காட்டினேன். ஆளாளுக்கு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். பெரிய மனசு என்றார்கள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன். போர்டிகோவைக் கழுவி வைத்தேன். மூன்று மாதத்தில் திரும்ப வந்து நிற்கப்போகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா.

நாற்பத்தியோராம் நாள் மத்தியானம் பூஜிதா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். அவள் அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

"நைனா, வண்டிக்குள்ள நத்தைங்க. கன்டெய்னரத் தொறந்தா சீட்டெல்லாம் ஊருதாமுங்க. வெள்ள டிரஸ் போட்டுட்டு ஆளுங்க வந்து சுத்திலும் டேப்பு கட்டிட்டாங்க. நானூத்திப் பன்னண்டு இருக்குதாமுங்க."

நான் அனுப்பியது ஒன்பது. பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"ரெண்டே வழிதான் இருக்குதாமுங்க நைனா. புகை போட்டு இந்தியாவுக்கே திருப்பி அனுப்பறதாம். இல்லீன்னா இங்கயே நசுக்கிப் போடறதாம். என்ன சொல்லட்டுமுங்க?"

இந்தக் கேள்விக்காக நான் ஏழு மாதம் காத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அழுவாத கண்ணு, போனாப் போவுது, திருப்பி அனு..." என்று ஆரம்பித்தேன். கோமளா போனைப் பிடுங்கி, "ஒரு நிமிசம் இரு அம்மணி" என்று சொல்லி அதன் வாயை முந்தானையால் பொத்தினாள்.

வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுவோம், உங்களுக்காகத்தான் தமிழில் எழுதியிருக்கிறேன். ஆனால் கோமளா சண்டை என்று வந்தால் தமிழுக்கு வந்துவிடுவாள். தமிழில்தான் பேசினாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா? குடுத்த சீரு பொறந்த ஊட்டுக்குத் திரும்பி வந்தா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? பொண்ணு வாழாம வந்துட்டான்னுதானுங்க பேசுவாங்க. அதுவும் வவுத்துப் புள்ளக்காரி."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சரி, கம்பெனி ஷெட்டில் ஒளித்து வைக்கலாம் என்றேன். பொள்ளாச்சிவரைக்கும் அந்த வண்டியைத் தெரியாதவன் எவன் என்று கேட்டாள். கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம் என்றேன். அவள் போனை என் கையில் கொடுத்தாள்.

ஏழு மாதத் திட்டத்தில் இந்த ஒன்றை நான் யோசிக்கவில்லை. உங்கள் விதிகளை மூன்று முறை படித்தவன், எங்கள் ஊர் விதியை ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. மைக் பிடித்து ஊரறியச் சீர் கொடுத்ததும் நானேதான்.

"நசுக்கிப் போடச் சொல்லிரு கண்ணு" என்றேன்.

"நைனா, உங்க உசுராச்சுங்களே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டுப் போர்டிகோவுக்குப் போய் அழுதேன். நன்றாகவே அழுதேன். கோபாலசாமி எதிர்வீட்டிலிருந்து பார்த்துவிட்டு இந்தத் தடவையும் செருப்பைக் கழற்றினார்.

ஆக, ஏழாவது கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த உயிரினங்களை வண்டிக்குள் வைத்தவன் நான். சீலில் இருப்பது நான் போட்ட கையெழுத்து. நிஜாமுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து ஏஜென்சிக்காரர்கள் அவருக்கு வேலை தருவதில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்து, "என்ர கண்ணுக்குத் தப்பிருச்சுங்களே சார்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று மன்னித்து அனுப்பினேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கடிதத்தின் நகலை ஏஜென்சிக்கும் அனுப்புகிறேன்.

அபராதமோ வேறு தண்டனையோ எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். திருந்திவிட்டேன் என்றும் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். பொருள்கள்மேல் பற்று வைத்தால் மனிதன் எவ்வளவு கீழே போவான் என்று எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. இனி எது என்னைவிட்டுப் போனாலும் சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைப்பேன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். வரும் பன்னிரண்டாம் தேதி கோமளா பூஜிதாவின் பிரசவத்துக்காகப் பெர்த் வருகிறாள். ஆறு மாதம் இருப்பாளாம். எனக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது. எங்கள் ஊர் வழக்கத்தையும் இந்தத் தடவை முன்கூட்டியே விசாரித்துவிட்டேன். சீர்தான் திரும்பி வரக் கூடாது, பெண்டாட்டி திரும்பி வந்தால் யாரும் ஒன்றும் பேச மாட்டார்களாம். அவளுக்கு முட்டிவலி என்பதால் பெட்டியை நான்தான் அடுக்கினேன். நீல நிறப் பெட்டி. உங்கள் அதிகாரிகள் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சோதித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.